பூங்காவின் அடியில் ஒரு சிற்றூர்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவுசெய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு கழகத்தார் பணித்தனர். ஒரு சமுதாயம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்காவிடின் யாது நேரும் என்பதைக் கடல் கடந்த ஒரு நகரின் பூங்கா நமக்குக் கற்பிக்கின்றது. அதனையே ஈண்டு எழுத முற்பட்டோம்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரில் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்கா உள்ளது. பரப்பு 843 ஏக்கர். வானளாவிய மாளிகைகளின் நடுவே ஏரியும் புல்வெளியும் சோலையுமாக அது விளங்குகின்றது. காண்போர் அதனை இயற்கையின் கொடை என்றே கருதுவர். ஆயின் அது மனிதர் திட்டமிட்டுச் சமைத்த பூங்கா. பிரடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்னும் இருவர் வகுத்த திட்டம் 1858ஆம் ஆண்டு நடந்த போட்டியில் முதற்பரிசு பெற்றது. பாறைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன, ஏரிகள் வெட்டப்பட்டன, மரங்கள் கொணர்ந்து நடப்பட்டன. நெரிசல் மிக்க நகரில் ஏழையும் செல்வரும் ஒருங்கே உலாவ ஓர் இடம் வேண்டும் என்பது நல்ல நோக்கமே. அதில் நமக்கு ஐயமில்லை. அந்த இடம் அதற்கு முன் யாருடையதாக இருந்தது என்பதே நம் வினா.

1825ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர், நகருக்கு வடக்கே வெற்று நிலமாகக் கிடந்த இடத்தில் மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். அவர் கறுப்பினத்தவர், பிறர் காலணிக்கு மெருகிட்டுப் பிழைத்தவர். அடுத்து எப்பிபனி டேவிஸ் என்னும் கடைப் பணியாளர் பன்னிரண்டு மனைகளை வாங்கினார். கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றும் அங்கே நிலம் வாங்கிற்று. இவ்வாறு தோன்றியதே செனெகா சிற்றூர். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முற்றிலும் ஒழிந்தது 1827இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இம்மக்களின் துணிவு விளங்கும்.

நிலம் வாங்கியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கறுப்பின ஆடவர் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டாலர் மதிப்புள்ள சொத்து உடையவராக இருத்தல் வேண்டும் என்று 1821ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு விதித்தது. வெள்ளையருக்கு இத்தடை இல்லை. எனவே மனை என்பது அவர்களுக்குக் குடியிருக்கும் இடம் மட்டுமன்று, வாக்குரிமையும் ஆயிற்று. 1845இல் நியூயார்க்கில் வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பினத்தவர் 100 பேர். அவர்களுள் 10 பேர் இச்சிறிய ஊரினர்.

1855ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு ஏறத்தாழ 225 பேர் வாழ்ந்தனர். மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். ஏனையோருள் பெரும்பாலார் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். கறுப்பினத்தவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் சொந்த வீடு உடையவர். மூன்று தேவாலயங்களும் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியும் இடுகாடுகளும் இருந்தன. ஒரு தேவாலயத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து வழிபட்டனர். அக்காலத்தில் அது அரிய காட்சி.

1853இல் பூங்காவுக்கு நிலம் எடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. செய்தித்தாள்கள் இவ்வூர் மக்களை எவ்வாறு குறிப்பிட்டன தெரியுமா? உரிமையின்றிக் குடிசை போட்டவர்கள் என்றன. நம் நாட்டு வழக்கில் சொல்வதானால், புறம்போக்கு ஆக்கிரமிப்பாளர்! கிரையப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு இப்பட்டம். வில்லியம்ஸ் தம் வீட்டுக்கும் மனைகளுக்கும் 3,500 டாலர் கேட்டார். கிடைத்தது 2,335 டாலர். வாடகைக்கு இருந்தோர்க்கு எதுவும் இல்லை. 1857இல் ஊர் முற்றிலும் காலியாயிற்று. பூங்கா நிலப்பரப்பு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1,600 பேர்.

வெளியேற்றத்தினும் கொடியது அதன்பின் நேர்ந்த மறதி. 1871இல் பூங்காவில் மண்ணைத் தோண்டியபோது சவப்பெட்டிகள் வெளிப்பட்டன. இங்கே பிணம் எவ்வாறு வந்தது என்று வியந்தனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கு ஓர் ஊரும் இடுகாடும் இருந்தன என்பது அதற்குள் மறந்துபோயிற்று!

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். செனெகா சிற்றூர் இருந்த இடம் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. ஆயின் அவ்வூரைப் பற்றிச் சொல்லும் பலகை எதுவும் அந்நாளில் அங்கு இல்லை. பின்னாளில், 1946இல், கறுப்பினப் பேரறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்கு அண்ணல் கடிதம் எழுதினார். தீண்டப்படாதார் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தார் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலின், அவர்தம் வரலாற்றை நாம் கற்பது இன்றியமையாதது என்னும் கருத்து அதில் உள்ளது. இக்கட்டுரையும் அவ்வழி நின்றே எழுதப்பெற்றது.

மறைந்த ஊர் மீண்டது எவ்வாறு? 1992இல் வரலாற்றாசிரியர் இருவர் பூங்காவின் வரலாற்றை நூலாக எழுதியபோது இவ்வூரையும் விரித்துரைத்தனர். அதன்பின் பலரும் ஆவணங்களைத் துருவினர். கிரையப் பத்திரங்கள், வரிக் கணக்குகள், குடிக்கணக்குகள், தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடுகள் ஆகியன சான்று பகர்ந்தன. நிலத்தைக் கையகப்படுத்துவதற்காக அரசு வரைவித்த படமே எந்த வீடு எவருடையது என்பதைக் காட்டிக் கொடுத்தது. 2001இல் பூங்காவில் பெயர்ப்பலகை நிறுவப்பட்டது. 2011இல் அகழ்ந்தபோது ஒரு வீட்டின் அடித்தளமும், இரும்புக் கெண்டியும், பீங்கான் துண்டுகளும், ஒரு குழந்தையின் காலணியும் கிடைத்தன. ஆக்கிரமிப்பாளர் என்னும் பழிச்சொல்லை அக்காலணி ஒன்றே பொய்யாக்கிற்று எனலாம்.

இளைஞர்களே! நம் நாட்டிலும் 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் உண்டு. அவற்றுள் பல, பிறர் கைக்குப் போயின என்பதை நீவிர் அறிவீர். பத்திரம் எங்கே, யார் பெயரில் என்று கேட்டால் நம்மவர் பலர் விடையின்றி நிற்கின்றனர். எம் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் பாட்டனார் பெயரைக் கேட்டால் உடனே சொல்வர். பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் தரையை நோக்குவர். அவர்மீது குற்றமில்லை. எழுதி வைக்க எழுத்தறிவு மறுக்கப்பட்ட தலைமுறைகள் அவை. நமக்கு அவ்வாறு சொல்லித் தப்ப இயலாது.

எனவே இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒன்று செய்வோம். ஒவ்வோர் இளைஞரும் ஒரு குறிப்பேடு வாங்குக. உம் தெருவின் மூத்தோரிடம் சென்று, முதலில் குடியேறியவர் யார், மனை எவ்வாறு கிடைத்தது, முதலில் பள்ளிக்குச் சென்ற பிள்ளை யார் என்று கேட்டுப் பெயரும் ஆண்டும் குறித்து எழுதுக. பட்டாவையும் பத்திரத்தையும் படியெடுத்துக் கழகத்தில் ஒரு படி வைக்குக. நகரில் புதிய பூங்கா எழும்போதும் ஆற்றங்கரை அழகுபெறும்போதும் மகிழ்வோம். அதே வேளையில், இங்கே முன்பு இருந்தவர் யார், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்கவும் தவறாதிருப்போம்.

செனெகா சிற்றூர் மீண்டும் பெயர் பெற ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. நம் ஊர்கள் அத்துணை நாள் காத்திருக்க வேண்டுவதில்லை.