குரங்கின் ஜாதகம்

அந்தக் காலத்துப் பாட்டிகளிடம் வயது கேட்டால் எண்ணாகச் சொல்லமாட்டார்கள். "பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு மறு வருஷம் பிறந்தேன்" என்பார்கள். வெள்ளம் வந்த வருஷத்தை நாம் தப்பாகக் கணக்கிட்டால், அது பாட்டியின் குற்றமா?

தென் அமெரிக்காவின் ஆதிக்குரங்கு விஷயத்திலும் இப்படித்தான் ஆயிற்று.

பொலிவியாவின் மலைப்பீடபூமியில் ஸாலா என்று ஓர் இடம். அங்கே அகப்பட்ட ஒரு மேல்தாடைத் துண்டுக்கு, 1969-இல் ஹாஃப்ஸ்டெட்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 'பிரானிஸெல்லா' என்று நாமகரணம் செய்தார். அதுவரை அந்தக் கண்டத்தில் கிடைத்த குரங்குகளில் அதுவே மூத்தது. எவ்வளவு மூத்தது? கல்லாகிப்போன பல் வாய் திறந்து சொல்லுமா? கூடப் புதைந்திருந்த பிராணிகளை விசாரித்தார்கள். அவற்றில் யானையைப் போல் தந்தம் கொண்ட பைரோதீரியம் இருந்தது. தெற்கே, அர்ஜென்டினாவின் பட்டகோனியாவிலும் இதே கூட்டம் உண்டு. ஆகவே இரண்டும் ஒரே காலம் என்று தீர்மானித்தார்கள்.

சரி, பட்டகோனியாவின் காலம் என்ன? வம்பு அங்கேதான். அந்த எலும்புகளைத் தோண்டியவர் கார்லோஸ் அமெகினோ. புத்தகக் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டே அவற்றைப்பற்றி எழுதிக் குவித்தவர் அண்ணன் ஃப்ளோரன்டினோ. அவர் கணக்கில் பைரோதீரியம் டைனோசர் யுகத்தைச் சேர்ந்தது! சொந்த மண்ணின் பெருமை யாரைத்தான் விட்டது? பின்வந்தவர்கள் அதைச் சுமார் மூன்றரைக் கோடி வருஷமாகக் குறைத்தார்கள். அதுவும் உத்தேசம்தான். தென் அமெரிக்கா அப்போது தனித் தீவு. ஒப்பிட்டுப் பார்க்க வெளியுலகப் பிராணிகள் அங்கே அநேகமாக இல்லை.

சில லட்சம் வருஷம் முன்பின் இருந்தால் என்ன என்கிறீர்களா? குரங்குகள் ஆப்பிரிக்காவிலிருந்து, வேரோடு சாய்ந்த மரங்களைப் பற்றிக்கொண்டு, அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் ஊகம். வயது தவறினால், பேரன் தாத்தாவைவிட மூத்தவனாகிவிடுவானே!

1980-களில் ஸாலாவின் எரிமலைச் சாம்பலில் பொட்டாசியம் எவ்வளவு ஆர்கானாக மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். பாறையில் பதிந்த காந்தத் திசைகளையும் பார்த்தார்கள். குரங்கின் வயது சுமார் 2 கோடியே 60 லட்சம் வருஷம் என்று ஏற்பட்டது. பட்டகோனியாவின் வயதும் கூடவே இறங்கியது. பிராணிகள் சொன்ன சாட்சியில் பிசகு இல்லை. வெள்ளத்தின் வருஷம்தான் தப்பு.

பிறகாவது எச்சரிக்கை வந்ததா? 2015-இல் பெருவில் கிடைத்த 'பெருபிதேகஸ்' குரங்குக்கு, கூட இருந்த பிராணிகளை வைத்து 3 கோடியே 60 லட்சம் வருஷம் என்றார்கள். 2021-இல் அந்த மண்ணிலிருந்த ஸிர்கான் மணிகளைச் சோதித்தபோது, அது 2 கோடியே 96 லட்சத்துக்கு மேல் போகாது என்று தெரிந்தது. ஆனாலும் ஸாலாக் குரங்குக்கு அது அண்ணன்தான் என்கிறார்கள்.