புள்ளிகளிடையே ஒரு கோடு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவன் ஒருவன் வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறிக்கின்றான். அவை சிறிது மேலும் கீழுமாகச் சிதறி நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இணைக்க முற்படும்பொழுது ஆசிரியர் தடுத்து, எல்லாவற்றிற்கும் இயன்றவரை அணித்தாகச் செல்லும் ஒரே கோட்டை வரையச் சொல்கின்றார். அளவையில் நேரும் பிழைகள் சில மிகுந்தும் சில குறைந்தும் இருக்குமாதலின், நடுவே செல்லும் கோடு அவற்றை ஈடு செய்துவிடும் என்பதே இதன் கருத்து. இத்தகைய கோடு ஒன்று பிரபஞ்சத்தைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றிய வரலாறு உண்டு.

கலிபோர்னியாவில் வில்சன் மலை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்வின் ஹபிள், 1929-ஆம் ஆண்டில், தொலைவு அறியப்பட்ட 24 விண்மீன் மண்டலங்களை ஒரு வரைபடத்தில் குறித்தார். கிடைக்கோட்டில் தொலைவு, நிலைக்கோட்டில் வேகம். வேகங்களுள் பெரும்பாலானவை வெஸ்டோ ஸ்லைஃபர் முன்னரே அளந்தவை. புள்ளிகளோ பெரிதும் சிதறிக் கிடந்தன. அண்மையிலுள்ள சில மண்டலங்கள் நம்மை நோக்கியே வந்தன. ஆயினும் ஹபிள் அவற்றினூடே நேர்கோடு வரைந்தார். தொலைவு மிகுந்தால் விலகும் வேகமும் மிகும் என்பதே அக்கோடு உரைத்த செய்தி. 1931-இல் அவரும் ஹியூமசனும் இன்னும் நெடுந்தொலைவிலுள்ள மண்டலங்களைச் சேர்த்தபோதும் அவ்வுறவு நிலைபெற்றது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு, வினாடிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வீதம் வேகம் கூடுவதாகக் கோட்டின் சாய்வு காட்டிற்று. அக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தினால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டே ஆகும். பூமியின் பாறைகளோ அதனினும் மூத்தவை என்று கதிரியக்க ஆய்வு கூறிற்று. தாயினும் மகள் மூத்தவளாதல் எங்ஙனம்?

பிழை சிதறலில் இல்லை. தொலைவை அளந்த கோலில் இருந்தது. ஒளி பெருகியும் குறைந்தும் துடிக்கும் செபீட் விண்மீன்களே அக்கோலுக்கு அடிப்படை. அவற்றுள் இருவகை உண்டென்பதையும், அவற்றை ஒன்றாக எண்ணியதால் ஒளிமிக்க வகையின் உண்மையொளி குறைத்து மதிக்கப்பட்டதென்பதையும் வால்டர் பாடே கண்டறிந்தார். 1952-இல் ரோம் நகரில் கூடிய வானியலார் மாநாட்டில் அவர் இதனை அறிவித்தபோது, மண்டலங்களின் தொலைவு இரு மடங்காயிற்று. பிற்காலத்தில் ஆலன் சாண்டேஜ் வேறு பிழைகளையும் களைந்தார். இன்று அச்சாய்வு 70-ஐ ஒட்டியது; 67-ஆ, 73-ஆ என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. பிரபஞ்சத்தின் வயதும் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டாக வளர்ந்துள்ளது.

ஹபிள் வரைந்தது நேர்கோடே என்பது இன்றும் மெய். அதன் சாய்வு மட்டும் ஏழு மடங்கு பிழைபட்டது. புள்ளிக்குப் புள்ளி மாறும் பிழையைக் கோடு ஆற்றிவிடும். எல்லாப் புள்ளிகளையும் ஒருசேர நகர்த்தும் பிழையோ அக்கோட்டினுள்ளேயே ஒளிந்து நிற்கும். ஆதலின், கோட்டை வரைந்து முடித்த மாணவன் தன் அளவுகோலையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பானாக.