தெஹிவளை அறைகளில் ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம்: ஐ.ஈ.எல்.ரி.எஸ் பரீட்சைக்கு ஆயத்தமாவது எப்படி?

தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைப் பக்கமாகக் காலி வீதியால் வருபவர்களுக்கு ஆங்கில வகுப்பு விளம்பரப் பலகைகள் புதியவையல்ல. ஒழுங்கைகளுக்குள் மாடி வீடுகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடக்கு, கிழக்கு இளைஞர்களில் கணிசமானோர் அந்த வகுப்புகளுக்கென்றே வந்தவர்கள். சிலருக்குப் பல்கலைக்கழக அனுமதி, சிலருக்குத் தாதியர் வேலை, சிலருக்கு லண்டனில் இருக்கும் கணவரிடம் போய்ச் சேரும் விசா. எல்லோருக்கும் நடுவில் நிற்பது ஒரே பரீட்சைதான்.

வெளிநாட்டுக் கடுதாசிக்காகக் கொழும்பில் வந்து காத்திருப்பது எங்களுக்குப் பழைய கதை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் விசாவுக்காகக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். இன்று விடுதிக்கதவை யாரும் தட்டுவதில்லை. ஆனால் வாடகை, வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் என்று ஒரு குடும்பத்தின் சேமிப்பு இந்தக் காத்திருப்பில் கரைவது மாறவில்லை. அந்தக் காசு வீணாகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஊடகக் கற்கையில் பட்டம் முடித்த பின் நானும் இந்தப் பரீட்சையை எழுதினேன். கடந்த சில மாதங்களாக இதற்குப் படிக்கும் சிலருடன் பேசியும் வருகிறேன். அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில், உங்களுக்கு எந்தப் பரீட்சை?

ஐ.ஈ.எல்.ரி.எஸ் 1989இல் தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துவது. வெளியே ஒரே பெயராக இருந்தாலும் உள்ளே பல வகை உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் தாதியர், மருத்துவர் போன்ற தொழிற்பதிவுக்கும் பெரும்பாலும் ‘அக்கடமிக்’. கனடா, அவுஸ்திரேலியா குடிவரவுக்குப் பெரும்பாலும் ‘ஜெனரல் ட்ரெயினிங்’. பிரித்தானிய விசாவுக்குச் சில வேளைகளில் ‘யு.கே.வி.ஐ’ என்று குறிப்பிட்ட பரீட்சையே வேண்டும். சாதாரண ஐ.ஈ.எல்.ரி.எஸ் முடிவு அங்கே எடுபடாது.

பிரித்தானியாவில் உள்ள கணவரிடமோ மனைவியிடமோ போகிறவர்களுக்குத் தனியான ‘லைஃப் ஸ்கில்ஸ்’ பரீட்சை உண்டு. வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஆங்கிலம் கட்டாயம் என்ற விதி 2010 நவம்பரில் வந்தது. முதல் விசாவுக்கு ஏ1, நீட்டிக்கும்போது ஏ2, நிரந்தர வதிவிடத்துக்கு பி1 என்று படிப்படியாகக் கேட்பார்கள். லைஃப் ஸ்கில்ஸில் வாசிப்பும் எழுத்தும் கிடையாது. பேசுவதும் கேட்பதும் மட்டும். இன்னொரு பரீட்சார்த்தியுடன் சேர்ந்து இருக்க வேண்டும். ஏ1 என்றால் 16 தொடக்கம் 18 நிமிடத்தில் முடிந்துவிடும். ஏ1 மட்டும் தேவைப்பட்ட ஒரு தங்கச்சி மாதக்கணக்காகக் கட்டுரை எழுதும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டேன். யாரும் அவளுக்கு வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

கனடாவில் உள்ள துணை உங்களை ஸ்பொன்சர் செய்தால் அதற்கு ஆங்கிலப் பரீட்சையே தேவையில்லை. ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ வழியாகப் போகிறவர்களுக்குத்தான் அது வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் பணம் கட்டுமுன் முகவர் சொன்னதை மட்டும் நம்பாமல், அந்த நாட்டு அரசின் இணையத்தளத்தையோ உங்களை எடுக்கும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தையோ பாருங்கள்.

புள்ளிகள் எப்படிக் கணிக்கப்படுகின்றன?

வழமையான ஐ.ஈ.எல்.ரி.எஸ் பரீட்சையில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. 0 முதல் 9 வரை ‘பாண்ட்’ தருவார்கள். எத்தனை போதும் என்பதை உங்களைக் கேட்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது. ஆகவே ‘பாஸ் பண்ணித் தருவோம்’ என்று ஒரு வகுப்பு சொன்னால் அங்கேயே யோசியுங்கள்.

கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள். நான்கின் சராசரிதான் மொத்தப் புள்ளி. உதாரணமாக 6.5, 6.5, 5, 7 எடுத்தால் சராசரி 6.25. அது 6.5 ஆக உயர்த்தப்படும். ஆனால் ‘ஒவ்வொன்றிலும் குறைந்தது 6’ என்று கேட்டால், அந்த ஒரு 5 முழுவதையும் கெடுத்துவிடும். பிரித்தானியத் தாதியர் பதிவுக்கு வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7உம் எழுத்தில் 6.5உம் வேண்டும். எனவே பலவீனமான பகுதிக்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். நாங்கள் வழமையாகச் செய்வது இதற்கு எதிர்மாறு. வருகிறதையே திரும்பத் திரும்பச் செய்து சந்தோசப்படுவோம்.

கேட்டலில் 40 கேள்விகள். ஏறத்தாழ 23 சரியென்றால் 6, 30 சரியென்றால் 7. அக்கடமிக் வாசிப்பிலும் அண்ணளவாக அதேதான். ஜெனரல் ட்ரெயினிங் வாசிப்பு சற்று இலகு என்பதால் 6 எடுக்க 30, 7 எடுக்க 34 சரியாக இருக்க வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள். ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

முடிவு 2 வருடங்களுக்கே செல்லும். அனுமதிக் கடிதமோ ஸ்பொன்சரோ எப்போது வரும் என்று தெரியாமல் முந்தி எழுதிவிட்டால், தேவைப்படும் நேரத்தில் அது காலாவதியாகியிருக்கும்.

ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம்

உயர்தரம் வரை படித்து, ஆங்கிலம் ஓரளவு விளங்கும் ஒருவருக்கு 12 வாரம் நியாயமான காலம். பள்ளிக்கூடம் இடம்பெயர்வில் உடைந்துபோனவர்களுக்கு அது போதாது. 6 மாதம், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஞாயிறு முழுநாளும் படிப்பதைவிட நாளாந்தம் 2 மணித்தியாலம் படிப்பது பலன் தரும். மொழி பழக்கத்தால் வருவது.

காலையில் 30 நிமிடம் கேட்டல். பிபிசியின் ‘6 மினிட் இங்கிலிஷ்’, பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலிஷ்’ இரண்டும் இலவசம். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை ஒரு நிமிடப் பகுதியை நிறுத்தி நிறுத்திக் கொப்பியில் எழுதுங்கள். பின்னர் எழுத்துவடிவத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கங்கள், திகதிகள், எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயர்கள் ஆகியவற்றில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘தேர்ட்டீன்’, ‘தேர்ட்டி’ இரண்டும் காதுக்கு ஒன்றாகவே விழும். பரீட்சையில் ஒலிப்பதிவு ஒரு தடவை மட்டுமே ஒலிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு 40 நிமிடம் வாசிப்பு. பரீட்சையில் 60 நிமிடத்துக்குள் 40 கேள்விகள். ‘சரி, பிழை, சொல்லப்படவில்லை’ என்ற வகைக் கேள்வியில் பலர் விழுவது தங்கள் சொந்த அறிவைப் பாவிப்பதால். மீனவர்கள் அதிகாலையில் கடலுக்குப் போவார்கள் என்று பந்தி சொல்கிறது. ‘மீனவர்கள் மாலையில் ஓய்வெடுப்பார்கள்’ என்று கேள்வி வருகிறது. எங்களுக்கு அது உண்மையென்று தெரியும். ஆனால் பந்தியில் இல்லை. விடை ‘சொல்லப்படவில்லை’ என்பதே.

மாலையில் 35 நிமிடம் எழுத்து. பரீட்சையில் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு வேலை. முதலாவது 150 சொற்கள், இரண்டாவது 250 சொற்கள். இரண்டாவதுக்கு இரட்டிப்புப் பெறுமதி. அதனால் 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேட்ட கேள்விக்கு விடை, ஒழுங்கு, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்கையும் சமமாகப் பார்ப்பார்கள். பாடமாக்கிய கட்டுரையை ஒப்புவித்தால் மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துவிடுவார். தமிழில் ‘ஏ’, ‘த’ போன்ற சுட்டுச் சொற்கள் இல்லாததால் ஆங்கிலத்தில் அவற்றை விட்டுவிடுகிறோம். ‘ஹீ’, ‘ஷீ’ வந்தால் வினையோடு ‘ஸ்’ சேர்க்க மறக்கிறோம். எழுதி முடித்தபின் கடைசி 3 நிமிடத்தில் இந்த இரண்டை மட்டும் தேடித் திருத்தினாலே எழுத்து துப்புரவாகும்.

கடைசி 15 நிமிடம் பேச்சு. போனில் பதிந்து திரும்பக் கேளுங்கள். முதலில் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. ஒரு கிழமையில் பழகிவிடும். ‘பாக்’ என்று பையையும் பொதியையும் ஒரே மாதிரிச் சொல்கிறோமா என்று கவனியுங்கள். இங்கிலாந்துக்காரர் மாதிரிப் பேசத் தேவையில்லை. எங்கள் உச்சரிப்பில் பேசினாலும் விளங்கினால் போதும்.

12 வாரத்தில் கடைசி 3 வாரமும் சனிக்கிழமைகளில் ஒரு முழுப் பரீட்சையை நேரம் வைத்து எழுதுங்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சிப் புத்தகங்கள் இதற்கு நல்லவை. அறையில் சத்தம் தாங்க முடியாதென்றால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. கொழும்பு 7இல் பொது நூலகமும் உண்டு.

‘சிறு வயதில் இருந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’

பேச்சுப் பரீட்சை 11 தொடக்கம் 14 நிமிடம். முதலில் உங்களைப் பற்றி, ஊரைப் பற்றிச் சாதாரணக் கேள்விகள். பிறகு ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து 2 நிமிடம் வரை பேச வேண்டும். மூன்றாவது, கலந்துரையாடல்.

வீடு, சிறுவயது நண்பர், மறக்க முடியாத பயணம் என்பவை அந்த அட்டையில் வழக்கமாக வரும் தலைப்புகள். கேள்வியைத் தயாரித்தவருக்கு அவை இலகுவான தலைப்புகள். வன்னியில் பங்கருக்குள் சிறுவயதைக் கழித்த பிள்ளைக்கு அப்படியல்ல. ஒரு தம்பி பயிற்சிக்கு இருந்தபோது இந்த அட்டையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். பிறகு சொன்னான்: “இங்கிலிஷ் வராமலில்லை அக்கா. வீடு எண்டவுடன எந்த வீட்டைச் சொல்லுறதெண்டு தெரியேல்ல.”

இதற்கு வகுப்புகளில் யாரும் ஆயத்தப்படுத்துவதில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். மதிப்பீட்டாளர் உங்கள் கதை உண்மையா என்று பார்ப்பதில்லை. உங்கள் மொழியை மட்டுமே பார்க்கிறார். மாமா வீட்டைச் சொல்லலாம். நண்பர் வீட்டைச் சொல்லலாம். பார்க்காத வீட்டையும் சொல்லலாம். இது விசா நேர்காணல் அல்ல. நீங்கள் சொன்னதை யாரும் உங்கள் கோவையில் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. வீடு, குடும்பம், பயணம், பள்ளிக்கூடம், பரிசு என்று 5 தலைப்புகளுக்கு மனம் கலங்காமல் பேசக்கூடிய கதைகளை முன்கூட்டியே தெரிவு செய்து வைத்திருங்கள். சொல்ல விரும்பினால் உங்கள் உண்மைக் கதையையும் சொல்லலாம். அது உங்கள் விருப்பம், கடமையல்ல. அந்தத் தம்பி இப்போது ஒரு மாமரமும் கிணறும் உள்ள வீட்டைப் பற்றி 2 நிமிடம் பேசுகிறான். அது யாருடைய வீடு என்று நான் கேட்கவில்லை.

காயமும் ஆவணமும்

ஷெல் சத்தத்தில் கேட்கும் திறன் குறைந்தவர்கள், கையில் காயமுள்ளவர்கள், பார்வை பாதிக்கப்பட்டவர்கள் விசேட ஏற்பாடு கேட்கலாம். மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் போன்றவை கிடைக்கும். ஆனால் மருத்துவச் சான்றுடன் வெகு முன்கூட்டியே பரீட்சை நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் கேட்டால் நடக்காது. இது சலுகையல்ல, உரிமை.

பதிவு செய்யும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். எங்கள் பெயரில் தகப்பன் பெயர் முன்னால் வரும், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்து மறுபிரதி எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். அதைப் பரீட்சைக்கு முன்பே சரிசெய்து கடவுச்சீட்டை எடுங்கள். பதிவுக்குக் கொடுத்த அதே ஆவணத்தின் மூலப்பிரதியை அன்றைய தினம் கொண்டுபோக வேண்டும்.

‘எழுதாமலே எடுத்துத் தாறம்’

இப்படிச் சொல்பவர் உங்கள் காசையும் எடுப்பார், எதிர்காலத்தையும் எடுப்பார். சான்றிதழ் உண்மையா என்பதைத் தூதரகங்களும் பல்கலைக்கழகங்களும் இணையத்திலேயே சரிபார்க்கின்றன. பரீட்சை மண்டபத்தில் புகைப்படம் எடுக்கிறார்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் பிரித்தானியா 10 வருடம் வரையும் கனடா 5 வருடமும் கதவை மூடும். 2014இல் பிரித்தானியாவில் ‘ரோயிக்’ என்ற வேறொரு ஆங்கிலப் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடந்ததை பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி காட்டியது. அதன் பின் பல்லாயிரக்கணக்கான மாணவர்களின் விசா இரத்தானது. தாங்கள் நேர்மையாக எழுதியதாகச் சொல்லிப் பல வருடங்கள் வழக்காடியவர்களும் அவர்களில் உண்டு. சிலர் செய்த மோசடிக்கு மற்றவர்களும் விலை கொடுத்தார்கள்.

ஒரு பரீட்சைக் கட்டணம் பல குடும்பங்களுக்கு ஒரு மாத வருமானம். பதிவு செய்யுமுன் ஒரு முழுப் பயிற்சிப் பரீட்சையை எழுதிப் பாருங்கள். தேவையான புள்ளி இரண்டு தடவை தொடர்ந்து வந்தால் பணத்தைக் கட்டுங்கள். வரவில்லையென்றால் இன்னும் ஒரு மாதம் படியுங்கள். ஊரிலிருந்து ‘எப்ப எழுதப் போறாய்?’ என்று அழுத்தம் வரும். அதற்காக ஆயத்தமில்லாமல் போய் உட்காருவதைவிட, இந்தக் கட்டுரையை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.