மூன்றாவது ஆள்

பைக்கை ஓரம் கட்டச் சொல்லும் போலீஸ்காரர் கேட்கிற பேப்பர்களிலேயே, நாம் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டுவது இன்ஷூரன்ஸுக்குத்தான். 'பத்து வருஷமா கட்டறேன் சார், ஒரு பைசா திரும்பி வந்ததில்லை!' என்று பலரும் புலம்புவார்கள். வராதுதான். ஏனென்றால், சட்டம் கட்டாயமாக்கிய இன்ஷூரன்ஸ் உங்களுக்காகப் போடப்படுவதே இல்லை!

பின்னே யாருக்கு? 'தேர்டு பார்ட்டி' என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. முதல் ஆள் நீங்கள். இரண்டாவது ஆள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூன்றாவது ஆள், உங்கள் வண்டியில் அடிபடக்கூடிய, முகம் தெரியாத யாரோ ஒருவர்.

இந்த மூன்றாவது ஆளின் கதை நமக்கு பிரிட்டன் வழியாக வந்தது. 1930-ல் அங்கே சாலை விபத்துகளில் செத்தவர்கள் 7,000 பேருக்கும் மேல். அடிபட்டவர் கோர்ட்டில் ஜெயித்தாலும், இடித்த ஆசாமியின் பாக்கெட் காலி என்றால் தீர்ப்பை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அந்த வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், கார்களுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வேக வரம்பைத் தூக்கியதும் அதே சட்டம்தான். வேகமாகப் போ; இடித்தால் கொடுப்பதற்கு வழி செய்துவிட்டுப் போ!

இந்தியாவில் 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனால், அதிலிருந்த இன்ஷூரன்ஸ் அத்தியாயம் மட்டும் ஏழு வருடம் தூங்கி, 1946 ஜூலை 1-ம் தேதிதான் கண் விழித்தது. 1988 சட்டத்தில் அது 146-வது பிரிவு.

சட்டம் இருந்து என்ன? முதல் வருடம் ஷோரூமிலேயே பாலிசி போட்டுவிடுகிறார்கள். அப்புறம் மறந்துவிடுகிறோம். கோவையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. ஓடுகிற சுமார் 18 கோடி வண்டிகளில் 6 கோடிக்குத்தான் தேர்டு பார்ட்டி பாலிசி! உடனே கோர்ட் உத்தரவு போட்டது: 2018 செப்டம்பர் 1 முதல் புது டூ வீலருக்கு ஐந்து வருட பாலிசி கட்டாயம்.

செலவு? 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி, 75-க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு வருடம் 714 ரூபாய்; 350 சி.சி. வரை 1,366. வரி தனி. 714-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. பாலிசி இல்லாமல் மாட்டினால், 2019 திருத்தப்படி முதல் தடவை அபராதமே 2,000. உயிர் போய்விட்டாலோ, தீர்ப்பாயம் சொல்கிற லட்சங்களை உங்கள் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். இந்தக் குறைந்தபட்ச பாலிசியில் பில்லியனில் உட்கார்ந்து வருபவர் 'மூன்றாவது ஆள்' கணக்கில் வரமாட்டார் என்று 2006-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துப் போடுகிற காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அவரும் அடக்கம் என்று 2009-ல் ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியது. அந்த பிரீமியம் அதிகம்தான்.

அடுத்த முறை 'சும்மா தேர்டு பார்ட்டி மட்டும் போதும்பா' என்று சொல்லப்போகும்போது, தினமும் உங்கள் பின் சீட்டில் உட்காருவது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.