கொக்கித் தகடு (தோள் அறுவை)

கொக்கித் தகடு என்பது தோள்பட்டை எலும்பின் உச்சியில் இருந்து விலகிய காறை எலும்பின் வெளிமுனையை மீண்டும் அதனிடத்தில் நிறுத்துவதற்குப் பொருத்தப்படும் உலோகத் தகடு ஆகும். தகட்டின் உடல் காறை எலும்பின் மேல் திருகாணிகளால் இறுக்கப்படும். அதன் முனையிலுள்ள கொக்கி தோள் உச்சியின் அடியில் செருகப்படும். மேலெழும்பிய எலும்பை இது நெம்புகோல் போலக் கீழ்நோக்கி அழுத்தி வைக்கின்றது. அக்காலத்தில் கிழிந்த தசைநார்கள் ஆறுகின்றன. இதன் முன்னோடியான பால்சர் தகடு 1976 இல் செருமனியில் விவரிக்கப்பட்டது.

பயன்பாடு

மிதிவண்டியில் இருந்தோ விளையாட்டின்போதோ தோள் தரையில் மோத விழுவதே இம்மூட்டு விலகலுக்குப் பொதுவான காரணம். 1984 இல் வெளியான ராக்வுட் வகைப்பாடு இதனை ஆறு வகைகளாகப் பிரிக்கின்றது. முதல் இரண்டு வகைகளுக்கு அறுவை தேவையில்லை. நான்கு முதல் ஆறு வரையானவற்றுக்குப் பெரும்பாலும் அறுவை பரிந்துரைக்கப்படுகின்றது. மூன்றாம் வகை குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

தகட்டை அகற்றுதல்

எலும்பு முறிவுக்கு வைக்கப்படும் தகடுகள் பலவும் ஆயுள் முழுவதும் உடலில் இருக்கலாம். கொக்கித் தகடு அவ்வாறன்று. கையை உயர்த்தும்போது காறை எலும்பு சுழல்வதால் கொக்கி தோள் உச்சியின் அடிப்பகுதியை உராய்கின்றது. எனவே ஏறத்தாழ மூன்று, நான்கு மாதங்களில் இரண்டாவது அறுவை மூலம் அது அகற்றப்படுகின்றது. அகற்றத் தாமதித்தால் எலும்பு அரிப்பு, சுழற்றுத் தசைநாண்களில் சேதம், அரிதாகத் தோள் உச்சியில் முறிவு ஆகியன ஏற்படலாம். அரிப்பு பெரும்பாலும் தகட்டை எடுத்தபின் நின்றுவிடுகின்றது.

நீண்ட கால விளைவுகள்

தகடு பொருத்தப்பட்டவர்களுள் பெரும்பாலானோர் வலியின்றி இயல்பான வேலைக்குத் திரும்புகின்றனர். தகட்டை எடுத்தபின் மூட்டு ஓரளவு மீண்டும் விலகுவதும், தசைநார்ப் பகுதியில் சுண்ணாம்பு படிவதும், மூட்டுத் தேய்வும் எக்சு-கதிர்ப் படங்களில் காணப்படுகின்றன. ஆயினும் படத்தில் தெரியும் மாற்றமும் நோயாளி உணரும் துன்பமும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை.

இதற்குத் தக்க சான்று கனடிய எலும்பியல் காயச் சங்கம் 2015 இல் வெளியிட்ட ஆய்வாகும். மூன்று முதல் ஐந்து வரையான வகை விலகல் கொண்ட 83 பேர் அதில் பங்கேற்றனர். முதல் மூன்று மாதங்களில் அறுவை செய்யாதவர்களின் கை இயக்கமே மேம்பட்டிருந்தது. இரண்டு ஆண்டு முடிவில் இரு குழுவினரிடையே இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவைக்கு உட்பட்டோரின் மூட்டு படத்தில் சீராகத் தெரிந்தது. சிக்கல்களும் அவர்களிடமே மிகுதி. இம்முடிவுக்குப் பின், கடுமையற்ற விலகலுக்குத் தகட்டை உடனே நாடுவதை நியாயப்படுத்துவது கடினமாகியுள்ளது.