தோம்பு: காணியும் குடும்பமும்

தோம்பு (பெயர்ச்சொல்): இலங்கையில் ஐரோப்பியர் ஆட்சியில் எழுதப்பட்ட காணிப் பதிவேடு. போர்த்துக்கேயச் சொல், லிஸ்பனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரிலும் இதே சொல் இருக்கிறது. ஆனால் காணிக் கணக்கு என்று மட்டும் பொருள் கொண்டால் பாதி விடுபடும். 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் காணித் தோம்போடு தலைத் தோம்பும் எழுதினர். முன்னது நிலத்தையும் பங்கையும் சொன்னது. பின்னது குடும்பத் தலைவனையும் மனைவி மக்களையும் பெயரிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வம்சாவளி துலங்கும்.

வரிக்கும் ஊழியத்துக்கும் எழுதிய கணக்கை நம்பலாமா என்று கேட்கலாம். நிலத்தைக் குறைத்துக் காட்டும் ஆசை எவருக்கும் இருந்திருக்கும். ஆனால் வாரிசின் பெயரை மறைத்தால் பின்னாளில் அவருடைய உரிமையே கேள்விக்குள்ளாகும். ஆகவே தோம்பு சொல்லும் அளவை ஐயுறலாம். உறவை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது.