ஆறு பேர் எழுப்பிய ஐயம்

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் யாருக்கேனும் சிறுநீரகம் பழுதுற்றது என்று சொன்னால், "வேலூருக்குப் போனார்களா?" என்ற கேள்வியே முதலில் எழும். 1989 வரையில் எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூர் அதன் தலைநகர். அவ்வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1971ஆம் ஆண்டில், இந்தியாவிலேயே முதன்முறையாக, சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது.

அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நோயாளியின் சீரத்தில் கொடையாளியின் வெள்ளணுக்களை இட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. அணுக்கள் மடிந்தால், அவற்றுக்குப் பகையான எதிர்ப்பொருள் சீரத்தில் உண்டு என்பது பொருள். பிள்ளைப்பேறு, இரத்தம் ஏற்றுதல், முன்னர்ப் பெற்ற மாற்று உறுப்பு ஆகியவற்றால் இப்பகை விளையலாம். பட்டேல், தெரசாகி ஆகிய இருவரும் 225 மாற்று அறுவைகளை ஆராய்ந்தனர். சோதனையில் பகை தெரியாத 195 பேருள் எண்மருக்கே சிறுநீரகம் உடனே கெட்டது. பகை தெரிந்த 30 பேருள் 24 பேருக்குக் கெட்டது!

'பகை உண்டு' என்றால் அறுவை வேண்டா என்று உலகம் விதி செய்துகொண்டது. நல்ல விதியே, பல உயிர்களைக் காத்தது. ஆயினும் என் கண் எஞ்சிய அறுவர் மீதே செல்கிறது. சோதனை எச்சரித்தும் அவர்கள் பெற்ற சிறுநீரகம் உடனே அழியவில்லை. தாய் கொடுக்க முன்வந்தும் இச்சோதனையால் தடையுற்ற மகனுக்கு, அந்த ஆறு என்னும் எண் எவ்வளவு பெரியது!

பின்னர் உண்மை மெல்லத் துலங்கியது. நோயாளியின் சொந்த அணுக்களையே தாக்கும் சில எதிர்ப்பொருள்களும் சோதனைக் குழாயில் கொடையாளியின் அணுக்களைக் கொல்லும். அவை புதிய சிறுநீரகத்துக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சீரத்தை டி.டி.டி. என்னும் இரசாயனப் பொருளுடன் சேர்த்தால், இவ்வகையில் பெரும்பான்மையானவை செயலிழக்கும்.

இந்நூற்றாண்டில் நுண்மணிச் சோதனை வந்தது. அணுவின் புரதத்தைத் தனியே பிரித்து, கண்ணுக்குத் தெரியாத மணிகளில் ஒட்டி, சீரத்தில் இடுகிறார்கள். இது மிகக் கூர்மையானது. அக்கூர்மையே ஒரு தொல்லை. ஒட்டும்போது சில புரதங்கள் உருக்குலைகின்றன. உயிருள்ள அணுவில் இல்லாத அவ்வுருவைப் பற்றும் எதிர்ப்பொருளும் 'பகை' என்றே கணக்காகிவிடும். 2008இல் வெளியான ஆய்வொன்றில், மெக்சிகோ நாட்டின் நலமுள்ள ஆண்கள் 424 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு 63 பேரிடம் இத்தகைய எதிர்ப்பொருள் தென்பட்டது. ஆண்களுக்குப் பிள்ளைப்பேறு ஏது?

ஆகவே மணிகள் பகை காட்டினாலும், கொடையாளியின் உயிருள்ள அணுக்களோடு சீரத்தைச் சேர்த்து மீண்டும் பார்த்த பின்னரே பல மருத்துவர்கள் முடிவு சொல்கின்றனர்.